சாய்ந்து நின்ற சொல்

நாடகக் குழு மொத்தமும் அவளை அண்ணி என்றுதான் கூப்பிடும். குழுவின் சிரிப்பு நடிகர் அவள் புருஷன். அவர் வாயைத் திறந்தால் முதல் சிரிப்பு முன்வரிசையில் அண்ணியுடையதுதான். பாழாய்ப்போன ஒரு காய்ச்சல் வந்து அவள் காதுகளை அடியோடு பறித்துக்கொண்டு போயிற்று. அதற்கப்புறம் மேடைக்கு மேலே ஓடும் வசனத் திரையைப் படித்தாள். எல்லா வசனமும் ஒரே மாதிரி விறைப்பாக ஓடும். அரங்கமே சிரிக்கும்போது இவள் எதற்கென்று தெரியாமல் பல்லைக் காட்டுவாள்.

"நான் இனிமே நாடகத்துக்கு வரல. பொய்யா சிரிச்சு வாய் வலிக்குது" என்று நாத்தனாரிடம் சொன்னாள். புருஷனிடம் சொல்ல மனசு வரவில்லை.

திரையில் வசனம் ஓட்டுபவளே அந்த நாத்தனார்தான். சும்மா இருப்பாளா? எழுத்துருக்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக் கடைசியில் ஒன்றைப் பிடித்தாள். தடித்து, முன்பக்கம் சாய்ந்து, கோடுகளின் முனையில் குட்டிப் பாதம் வைத்த எழுத்து. ஒருவர் காதருகே குனிந்து அழுத்திச் சொல்வது போலிருந்தது. சந்தோஷத்தில் நாடகம் முழுவதையும் அதிலேயே போட்டுவிட்டாள்.

நாத்தனார் வற்புறுத்தி அழைத்து வந்ததால் ஒத்திகை பார்த்த அண்ணி நெற்றியைத் தேய்த்தாள். "என்னடி இது? ஆளாளுக்குக் கத்துற மாதிரி இருக்கு. கதவைச் சாத்துன்னு சொல்றதுக்கா இவ்வளவு ஆவேசம்?"

நாத்தனார் உதடு தெரிகிற மாதிரி நிதானமாகக் கேட்டாள். "அப்ப எதை மட்டும் போடட்டும் அண்ணி?"

"உங்க அண்ணன் எந்த வார்த்தையில அழுத்துறாரோ அதை மட்டும் போடு. மிச்சத்தை நான் பாத்துக்கறேன். அவரோட இத்தனை வருஷம் குப்பை கொட்டினவ."

மறுநாளிலிருந்து நாத்தனார் ஒத்திகையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அண்ணன் அழுத்தும் சொல்லுக்கு மட்டும் அந்த எழுத்து. மற்றதெல்லாம் நேராக, ஒல்லியாக.

முதல் காட்சிக்கு அண்ணி அரை மனசோடு வந்து உட்கார்ந்தாள். கதையில், தன் அம்மா ஒரு மாதம் தங்க வந்திருப்பதாக மனைவி சொல்கிறாள். அவர் வாசலில் இருக்கும் பெட்டிகளைப் பார்க்கிறார். திரையில் "அப்படியா, ரொம்ப" என்று ஒல்லியாக வந்தது. அடுத்து, தடித்துச் சாய்ந்து, "சந்தோஷம்."

அந்தக் குரல் அப்படியே அண்ணியின் நெஞ்சுக்குள் கேட்டது. அவள் அம்மா பெட்டியோடு வந்து இறங்கும்போதெல்லாம், பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டில் அவர் சொன்ன அதே சந்தோஷம். அண்ணி வயிறு குலுங்கச் சிரித்தாள்.

மேடையில் அவர் அப்படியே நின்றுவிட்டார். காணாமல் போயிருந்த சிரிப்பு அது. எத்தனை பேர் சிரித்தாலும் அது அவருக்குத் தனியாகத் தெரியும். அடுத்த வசனம் மறந்துபோயிற்று. அவள் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார்.

அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். அவர் சொன்னதை நாத்தனார் அப்போதே தட்டியிருக்க வேண்டும், திரையில் மறுபடியும் சந்தோஷம் என்று வந்தது. இந்தத் தடவை அது தடிக்கவில்லை, சாயவில்லை. நேராக, ஒல்லியாக நின்றது. அவர் நடிக்கவில்லை என்று அவளுக்குப் புரிந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பின்சுவரின் கண்ணாடி அறைக்குள் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். அரங்கமே பார்க்க, மேடைக்கு முதுகைக் காட்டி நின்று, தன்னைவிடச் சின்னவளான அவளைப் பார்த்து அண்ணி கைகூப்பினாள்.