பத்து மில்லி ஸ்க்ரூ

என் சகலையின் ட்ரோன் மோட்டார் கெட்டுப்போக வேண்டும் என்று மூன்று மாதம் ஆசைப்பட்டேன். நாலும் வேண்டாம், ஒன்று போதும்.

சகலை தையற்காரன். என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். நாற்காலியை விட்டு எழாமல் மெஷின் மிதிக்கிறவன். நான் லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை மாற்றும் பட்டறையில் பன்னிரண்டு வயதிலிருந்து சம்மட்டி அடிக்கிறவன். எங்கள் இருவருக்கும் பொதுவான பைத்தியம் ட்ரோன். உதிரியாக வாங்கி, நாங்களே பூட்டிப் பறக்கவிடுவோம். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் மைதானம்தான்.

எங்கள் ட்ரோன் சங்கத்துக்குத் தலைவர் ஒரு பஸ் கண்டக்டர். அவர்தான் கொளுத்திப் போட்டார்.

"நாள் முழுக்கப் பறக்கிற போட்டி. பேட்டரி மாத்தலாம், மோட்டார் மாத்தக் கூடாது. சங்கத்துக்கு ஒரே ஆள். அதே நாலு மோட்டாரை வெச்சு இருபது மணி நேரம் ஓட்டிக் காட்டுறவர் போகலாம். நோட்டுல எழுதிக் காட்டணும். வாய்க்கணக்கு செல்லாது."

நோட்டு என்றதும் போட்டி என் மடியில் விழுந்துவிட்டதாகவே நினைத்தேன். மோட்டாருக்கு மோட்டார் பெயின்டில் எண் போட்டிருந்தேன். எத்தனை நிமிடம் பறந்தது, எந்த நாள் தூசி தட்டினேன், எந்த ஸ்க்ரூ போட்டேன், எல்லாம் எழுதுவேன். இறங்கியதும் மோட்டார்மேல் விரல் வைத்து ஐந்து எண்ணுவேன். விரல் தாங்கினால் 'சூடு இல்லை' என்று எழுதுவேன். பக்கம் பக்கமாகச் சூடு இல்லை, சூடு இல்லை.

சகலையோ துணி வெட்டிய அட்டையின் பின்பக்கம் கிறுக்கி வைப்பான். பாதி நாள் ட்ரோனை இறக்கி வைத்துவிட்டு, "கொஞ்சம் ஆறட்டும் அண்ணே" என்று நிழலில் உட்கார்ந்துவிடுவான். சோம்பேறி என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்பதாவது மணி நேரத்தில் என் இரண்டாம் எண் மோட்டார் புகைந்தது. ட்ரோன் குப்புற விழுந்தது.

எடுக்க ஓடியவன் சகலை. மோட்டாரைத் தொட்டவன் கையை உதறினான்.

"அய்யோ அண்ணே, இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதிக்குது! எல்லாமே கொதிக்குது!"

நானும் தொட்டேன். ஐந்து எண்ணினேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

கண்டக்டர் என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "இது கையா, லாரி டயரா? பழுத்த இரும்பைத் தொட்டாலும் உனக்கு ஜில்லுன்னுதான்யா இருக்கும்." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

சகலை சிரிக்கவில்லை. அது எனக்கு இன்னும் எரிந்தது. மோட்டாரைக் கழற்றிப் பார்த்தான். "ஸ்க்ரூ எத்தனை மில்லி நீளம் அண்ணே?"

"பத்து. நல்லாப் பிடிக்கட்டும்னு போட்டேன்."

"எட்டு போதும். நுனி உள்ளே இருக்கிற செம்புக் கம்பிச் சுருளை உரசியிருக்கு பாருங்க."

பட்டறையில் போல்ட் நீளமாக இருந்தால்தான் பிடிப்பு. அந்தப் புத்தியை நகத்தளவு மோட்டாரில் காட்டியிருக்கிறேன். அதையும் அழகாக நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

சகலை இருபது மணி நேரத்தை முடித்தான். வீட்டில் மனைவி, "தங்கச்சி வீட்டுக்காரர் போட்டிக்குப் போறாராமே? நீங்களும் கூடப் போய் நில்லுங்க" என்றாள். அந்த 'கூட'தான் குத்தியது.

போனேன். சட்டைப் பையில் நாலு பத்து மில்லி ஸ்க்ரூவோடு போனேன். எதற்கு என்று என்னையே நான் கேட்டுக்கொள்ளவில்லை.

பறக்க அரைமணி நேரம் இருக்கும்போது சகலை ட்ரோனை என் மடியில் வைத்தான். "ஸ்க்ரூ எல்லாம் ஒருதரம் முடுக்கிடுங்க அண்ணே. பேட்டரியைப் பார்த்துட்டு வரேன்."

முதல் மோட்டாரில் ஒன்றைக் கழற்றினேன். பத்து மில்லியை வைத்துத் திருகினேன். கடைசிச் சுற்றில் நுனி எதிலோ இடித்தது. சூடு தெரியாத இந்தக் கைக்கு அது தெரிந்தது. இன்னும் கால் சுற்று. மதியத்துக்குள் புகையும். யாருக்கும் தெரியாது.

கால் சுற்று திருகவில்லை. மனம் இளகியதாக யாரும் நினைக்க வேண்டாம். இவன் விழுந்தாலும் அந்த இடம் எனக்கு வரப்போவதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

சகலை திரும்பி வந்தபோது, கழற்றிய பத்து மில்லி என் விரலிடுக்கில் இருந்தது. பார்த்தான்.

"நீயே முடுக்கிக்கோடா" என்றேன். "எனக்கு வயிறு எரியுது."

"தெரியும் அண்ணே."

"தெரிஞ்சுமா கொடுத்தே?"

"சும்மா ஒரு பேச்சுக்குக் கொடுத்தேன். எப்படியும் நான் ஒருதரம் தொட்டுப் பார்க்காம ஏத்த மாட்டேன்."

எட்டு மில்லியை மாட்டினான். நாலு மோட்டாரையும் விரலால் சுற்றிப் பார்த்தான். ட்ரோன் எழும்பியது. நான் அண்ணாந்து பார்த்து, மோட்டார் உரசுகிற கீச்சு எங்காவது கேட்காதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

கேட்கவே இல்லை. சாயங்காலம்வரை கேட்கவே இல்லை.