மைக் மாட்டியவரே பேசலாம்

2018ஆம் ஆண்டு ஜூலை மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்று, காலைத் தேநீருக்குப் பிறகு, திரைச்சீலைப் பட்டறையின் முன்னறையில் குடும்பக் கூட்டம் கூடியது. எடுத்துக்கொள்ளப்பட்ட பொருள் ஒன்றே: பெரியக்கா துணி வெட்டும் மேசையை எந்த நாளில் தங்கை கணவரான மாப்பிள்ளையிடம் ஒப்படைப்பது. ஒப்படைக்கலாமா என்பதன்று, அது முந்தைய மாதமே பெரியக்காவின் முழுச் சம்மதத்தோடு முடிவாகிவிட்டது. அந்தச் சம்மதத்தைப் பற்றிப் பெரியக்காவுக்கு மட்டும் அப்போது ஒன்றும் தெரியாது.

பெரியக்கா இரு காதுகளிலும் கேள்கருவி அணிந்தவர். ஒருவர் எதிரே அமர்ந்து பேசினால் ஒரு சொல்லும் தப்பாது. நால்வர் கூடினால் போயிற்று. கருவிக்கு ஆள் தராதரம் தெரியாது. தம்பியின் கருத்தையும், தேக்கரண்டி தம்ளரில் இடிபடுவதையும் ஒரே மரியாதையோடு கொண்டுவந்து காதுக்குள் கொட்டும். பேசுபவர் யாரென்று அவர் தேடிப் பிடிப்பதற்குள் பேச்சு அடுத்த வாய்க்குத் தாவிவிடும். எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு என்னவென்று கேட்டால், "ஒன்னுமில்லக்கா, அப்புறம் சொல்றேன்" என்பார்கள். அந்த அப்புறம் இதுவரை வந்ததில்லை.

ஆகவே பெரியக்கா ஒரு கெட்ட பழக்கத்தைப் பழகிக்கொண்டார்: பிறர் தலையாட்டினால் தாமும் ஆட்டுவது. சற்றுப் பிந்தி ஆட்டியதால், ஆழ்ந்து யோசித்து ஆட்டியதாகப் பெயரும் கிடைத்தது. அப்படிப்பட்ட ஓர் ஆழ்ந்த யோசனையில்தான் மேசை பறிபோயிருந்தது. மாப்பிள்ளையின் உயரத்துக்கு மேசைக் கால்களை உயர்த்தவேண்டுமென்று தச்சர் வந்து அளந்தபோதுதான் அவருக்கு விஷயமே விளங்கியது. மேசை போனால் அவருக்கு மிஞ்சுவது முன்னறை நாற்காலி. அங்கே அமர்ந்து, வருவோரைப் பார்த்துப் புன்னகைக்க வேண்டும். அந்த வேலைக்குத் தம் முகம் ஒத்துவராது என்பதை அவரே அறிவார்.

கருவி விற்ற பெண் அதனுடன் ஒரு சின்ன மைக்கும் கொடுத்திருந்தாள். அதைக் கழுத்தில் மாட்டியவரின் பேச்சு நேரே பெரியக்காவின் காதில் வந்து விழும். வெட்கத்தால் இத்தனை நாளும் அது பெட்டிக்குள்ளேயே கிடந்தது. அன்று அவர் அதைக் கொண்டுவந்து தேநீர் மேசை நடுவே வைத்தார்.

"இத மாட்டிக்கிட்டவங்க மட்டும் பேசணும். மத்தவங்க வாயத் திறக்கக் கூடாது."

"வீட்டு ஆளுங்க நாலு பேர் பேச மைக் எதுக்குக்கா?" என்றான் தம்பி.

"நாலு பேர் பேசித்தானேடா என் மேசை போச்சு. மாட்டு."

தம்பி மாட்டினான். தன் மேல் ஒரு பழியும் இல்லை என்பதுபோலத் தொண்டையைச் செருமினான். தையல் மெஷின்கள் ஓடும்போது தூரத்திலிருந்து அளவு சொன்னால் அக்காவுக்குக் கேட்பதில்லை என்று மட்டுமே தான் சொன்னதாகவும், மேசையை மாற்றும் யோசனை சின்னக்காவுடையது என்றும் சொல்லி முடித்தான். அந்தச் சின்னக்கா, அதாவது பெரியக்காவின் தங்கை, துள்ளி எழுந்தாள். பெரியக்கா விரலை உயர்த்தினார். மைக் கைமாறியது.

"நானா? தைக்கிற பக்கம் இன்னொரு ஆள் வேணும்னு ஆரம்பிச்சேன். முடிக்கிறதுக்குள்ள தம்பி வெட்டற பக்கம் போயிட்டான். அவன முடிக்க விடாம இவரு மேசைக்குப் போயிட்டாரு. நான் என்ன கேட்டேன்னு இன்னைக்கு வரைக்கும் இந்த வீட்டுல யாருக்கும் தெரியாது."

"நீ அப்படிக் கேட்டியா?" என்று தம்பி உண்மையாகவே வியந்தான். மைக் இல்லாமல் பேசியதற்காக அவனைப் பெரியக்கா முறைத்தார்.

எஞ்சியவர் மாப்பிள்ளை. பட்டறையில் அவருக்கு 'ரேடியோ' என்று பெயர். அவருடைய வாக்கியங்களுக்கு முற்றுப்புள்ளி கிடையாது. யாராவது குறுக்கிடுவதால்தான் அவை முடிவுக்கு வரும். மைக்கை மாட்டிக்கொண்டு, "அதாவது பொதுவா பாத்தா, ஒரு விதத்துல…" என்று தொடங்கினார். எவரும் குறுக்கிடவில்லை. இடமும் வலமும் பார்த்தார், உதவி வரவில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டு, வாழ்வில் முதன்முறையாக ஒரு வாக்கியத்தைத் தாமே முடித்தார்.

"நான் மேசையே கேக்கலக்கா. எல்லாரும் பேசினீங்க, சும்மா இருந்தா நல்லா இருக்காதேன்னு நானும் எதையோ சொன்னேன். கத்தரி புடிச்சாலே எனக்குக் கட்டைவிரல் மரத்துப்போகுது."

தேக்கரண்டிகூட அசையவில்லை. மூவர் முகத்தையும் பெரியக்கா வரிசையாகப் பார்த்தார்.

"எனக்குக் கேக்கல. அதச் சொல்ல ரோஷப்பட்டுத் தலையாட்டினேன், அது என் தப்பு. நல்ல காத வச்சிக்கிட்டு நீங்க மூணு பேரும் எதுக்குத் தலையாட்டினீங்க?"

மைக் மாப்பிள்ளையின் கழுத்தில்தான் தொங்கியது. அவர் அதைக் கழற்றித் தம்பியிடம் நீட்டினார். தம்பி அதைத் தங்கையிடம் நீட்டினான். அவள் அதைத் தேநீர் மேசைமேல் வைத்துவிட்டாள்.

முடிவானது பின்வருமாறு. வெட்டும் மேசை பெரியக்காவிடமே இருக்கும். அதன் கால்களைத் தொட வேண்டாமெனத் தச்சருக்குச் சொல்லிவிட வேண்டும். அளவு சொல்பவர் மேசை அருகே வந்து, பெரியக்காவின் முகம் பார்த்துச் சொல்ல வேண்டும். தைப்பதற்கு இன்னோர் ஆளைத் தம்பி தேடித் தருவான். முன்னறை நாற்காலி மாப்பிள்ளைக்கு. இனிக் கூட்டங்களில் மைக் மாட்டியவர் மட்டுமே பேசலாம். தேநீர் கூட்டம் முடிந்த பிறகே வரும். தலையாட்டல் யாருடையதாயினும் சம்மதமாகக் கொள்ளப்படாது.