சேலையூர்க்காரர்களுக்கு அறை இல்லை

1.
ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், இது ஒட்டுக்கேட்ட கதை. தாம்பரம் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு சின்ன ஹோட்டல். வெளியூரிலிருந்து வந்து தங்கியிருந்த நண்பன் கீழே இறங்கி வரட்டும் என்று ரிசப்ஷன் சோபாவில் உட்கார்ந்திருந்தேன். காலை பதினோரு மணி.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'ரமாவின் வாழ்வில் வசந்தம் என்பது…'

சீ, வேண்டாம். ரிசப்ஷனில் நான் பார்த்த அந்த அம்மாளுக்கு இதெல்லாம் பிடிக்காது. ரமா என்ற பேரும் நான் வைத்ததுதான். இனி வருவதில் பாதி நான் சேர்த்தது.

2.
ரமாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. பல்லாவரத்தில் டீச்சர் வேலை. இருபத்திரண்டு வருஷமாக, ரயிலைவிட்டு இறங்கி சேலையூர் பஸ்ஸுக்கு நடக்கும்போது இந்த ஹோட்டலைத் தாண்டித்தான் போவாள். ஸ்டேஷன், பஸ், பூக்கடை, காபி எல்லாம் கைக்கெட்டும் தூரம். "அங்கே தங்கறவா எல்லாம் எத்தனை மணிக்கு எழுந்துப்பா?" என்று ஒருநாள் கணவர் கஸ்தூரிரங்கனிடம் கேட்டாள். மனுஷர் அதை ஞாபகம் வைத்திருந்து, கல்யாண நாளுக்கு இரண்டு நாள் ரூம் போட்டுவிட்டார்.

(மகாபலிபுரம் போகலாமே என்று நீங்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. ரமாவுக்கு ஊர் பார்க்க ஆசையில்லை. நாலரை மணி அலாரம் இல்லாமல் தூங்க ஆசை. கல்யாணமாகி முப்பத்தோரு வருஷமாக அது நடக்கவில்லை.)

மகன் பிரணவிடம் கும்பகோணம் போகிறோம் என்று சொல்லிவிட்டு, மூன்று கிலோமீட்டர் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள்.

3.
ரிசப்ஷனில் இருந்த ஜெனி இரண்டு ஆதார் கார்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சார், ரெண்டுலயும் சேலையூர் அட்ரஸ் கீது. லோக்கல் ஆளுங்களுக்கு ரூம் குடுக்கறதில்ல. அதுவும் ஜோடியா வந்தா சுத்தமா கெடையாது."

"ஜோடியா? இவ என் ஆம்படையாள்மா!"

"எல்லாரும் அப்டித்தான் சார் சொல்றாங்க."

"அறுபத்திரண்டு வயசுல ஓடியா வந்திருக்கேன்?"

ஐயோ பாவம், கஸ்தூரிரங்கனுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. ரமா அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். ஜெனியின் குரல் தணிந்தது.

"வூட்ல எதுனா பிரச்சனையாம்மா?"

"ஒரு பிரச்சனையும் இல்லைடி கொழந்தே. எல்லாரும் நல்லவா. எனக்குத் தூங்கணும். யாரும் எழுப்பாம, ஒரே ஒரு தடவை."

சொல்லும்போதே அழுதுவிட்டாள். செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன்.

4.
அந்த நேரம் பார்த்து நண்பன் வந்து என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டான். மீதி தெரியாது. அதனால் மூன்று முடிவுகள் எழுதினேன்.

ஒன்றில் ஜெனி ரமாவின் வீட்டுக்கு போன் போட்டு விசாரிக்கிறாள். பிரணவ் ஓடிவந்து, "சொல்லியிருக்கலாமேம்மா" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறான். இரண்டாவதில் ரூம் கிடைக்கிறது, ஆனால் ரமா பழக்கதோஷத்தில் நாலரைக்கே எழுந்து, போர்வையை மடித்து, ஹோட்டல் கப்புகளைக் கழுவிக் கவிழ்க்கிறாள். (இந்த இடம் எழுதியதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.) மூன்றாவதில் இருவரும் ஜன்னலோரம் உட்கார்ந்து முப்பத்தோரு வருஷக் கதையையும் பேசி, பேசி…

மூன்றையும் என் மனைவி மாளவிகாவிடம் கொடுத்தேன். படித்து முடித்து நிமிர்ந்தாள்.

"எதுலயுமே அந்தம்மா தூங்கலையே?"

"அது வந்து… கதைன்னா ஏதாவது நடக்கணும் இல்ல?"

"அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணு. அதைக் குடுக்க மட்டும் உங்களுக்கு மனசு வரல."

எனக்கு வெட்கமாகிவிட்டது. தாள்களை வாங்கிக் கிழித்துப் போட்டேன்.

5.
ஆகவே, ஜெனி சாவியைக் கொடுத்துவிட்டாள். மேனேஜர் கேட்டால் அவள் பார்த்துக்கொள்வாள். கஸ்தூரிரங்கன் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, காபி குடிக்கத் தனியாகக் கீழே இறங்கியிருக்கிறார். ரமா படுத்திருக்கிறாள். மணி என்ன என்று நான் எழுதப்போவதில்லை.

இதற்குமேல் நீங்கள்தான். எப்படி வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளுங்கள். அவளை மட்டும் எழுப்பாதீர்கள்.