ரெண்டு கிலோ மூட்டை

தி.நகர் ஜவுளிக்கடையில் நூறு கிலோ சேலை மூட்டை இரண்டு கிலோவாகிவிட்டது. எடைகளை எக்செலில் படமாகப் போட்டால் பெரிய மூட்டையின் கோடு திரையைத் தாண்டிப் போகிறதென்று, கணக்கு எழுதும் சிந்து எல்லா எண்ணுக்கும், பெரிய எண்களைச் சுருக்கிக் காட்டும் லாக் ஃபார்முலா போட்டிருந்தாள். நூறு இரண்டானது, பத்து ஒன்றானது. முதலாளி பொன்ராஜுக்குப் பார்க்கக் குளிர்ச்சியாக இருந்தது.

“ரெண்டு கிலோவுக்கு எதுக்குலே நாலு ஆளு? தேசிங்கு, நீ ஒருத்தனே மூணாவது மாடிக்குக் கொண்டு போ.”

மற்ற மூவரையும் வேறு வேலைக்கு அனுப்பிவிட்டார். தேசிங்கு மூட்டையைத் தோளால் முட்டினான். மூட்டை அசையவில்லை, இடுப்புதான் சொடக்குப் போட்டது.

“இத்தத் தூக்கினா அப்பால என்னிய நாலு பேரு தூக்கினு போணும் அண்ணாச்சி.”

“கம்ப்யூட்டர் பொய் சொல்லுமாலே? சிந்து, ஆள் ஒண்ணுன்னு போடும்மா.”

போட்டாள். அதே ஃபார்முலா ஒன்றைப் பூஜ்யமாக்கியது.

“ஆளே இல்லன்னு வருது அண்ணாச்சி.”

பொன்ராஜ் திரையைப் பார்த்தார். எதிரில் நின்றவனைப் பார்த்தார். திரையைத்தான் நம்பினார்.

“தேசிங்கு எங்கலே போனான்?”

தேசிங்கு மூட்டைமேல் ஏறி உட்கார்ந்தான்.

“இன்னும் வர்ல அண்ணாச்சி.”

“வந்தா தூக்கச் சொல்லு,” என்று சொல்லிவிட்டு அவர் மாடியேறிப் போனார்.