மேனேஜருக்கு இன்னும் ஆறு வருஷம்

கண்ணாடிக் கடைக்காரருக்குப் பிள்ளைகள் இரண்டு. மூத்தவனுக்குப் பத்தொன்பது வயது. வீட்டில் அவன் பெயர் துரை. எழுப்பினால்தான் எழுந்திருப்பான், தட்டை முன்னால் வைத்தால்தான் சாப்பிடுவான் என்பதால் அம்மா வைத்த பெயர். அவன் அதைப் பாராட்டு என்றே நினைத்திருந்தான். இளையவளுக்குப் பதினேழு. அவளை அப்பா மேனேஜர் என்று கூப்பிடுவார். அம்மா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள், விடிவதற்குள் கிளம்பிவிடுவாள். அதற்குப் பிறகு அண்ணனை எழுப்புவது, கடை ஷட்டரைத் தூக்குவது, வாடிக்கையாளர் சொல்லும் அளவுகளைக் குறித்துக்கொள்வது, அப்பா எங்கேயோ வைத்துவிட்ட கட்டரைத் தேடிக் கையில் கொடுப்பது எல்லாம் மேனேஜர் இலாகா. அதையெல்லாம் முடித்துவிட்டுத்தான் அவள் பள்ளிக்கூடத்துக்கு ஓடவேண்டும்.

அழகு நிலையம் நடத்தும் ஒரு அம்மாள் ஆள் உயரக் கண்ணாடி ஒன்று கேட்டிருந்தார். வேனில் வைத்துக் கொண்டுபோ என்று அப்பா படித்துப் படித்துச் சொல்லியும், துரை அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நண்பனின் பைக்கில் பின்னால் ஏறிக்கொண்டான். வழியில் இன்னொரு நண்பன் விர்ரென்று முந்தினான். முந்தவிட்டால் மானம் போய்விடும் அல்லவா? விரட்டினார்கள். வளைவில் கண்ணாடி போனது, பையன்கள் பிழைத்தார்கள். அந்த அம்மாள் போன் செய்து, கண்ணாடி என்ன ஆயிற்று என்று கேட்டார்.

“கண்ணாடி வந்தா மட்டும் உங்க மூஞ்சி மாறிடுமா?” என்று கேட்டுவிட்டு துரை அவர் நம்பரை பிளாக் செய்தான்.

அவர் நேரே கடைக்கு வந்து, தெருவே நின்று கேட்கும்படி பேசிவிட்டுப் போனார். அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். மறுநாளே மகனை அவன் கல்லூரியின் மனநல ஆலோசகரிடம் கூட்டிப்போனார்.

ஆலோசகர் மூளையின் படத்தைக் காட்டிப் பொறுமையாக விளக்கினார். “இந்த வயசுல உணர்ச்சி சட்டுனு பொங்கிடும். இதைச் செஞ்சா என்ன ஆகும்னு யோசிச்சு நிறுத்தற பகுதி நெத்திக்குப் பின்னால இருக்கு. அது முழுசா பக்குவப்பட இருபத்தஞ்சு வயசுகூட ஆகலாம். அதனாலதான் இப்பவே பொறுப்பு கொடுத்துப் பழக்கணும். செஞ்ச தப்பை அவரையே போய்ச் சரிபண்ண வைங்க.”

அப்பாவின் காது இருபத்தைந்து வரைக்கும்தான் திறந்திருந்தது. அதற்கு மேல் அவர் மகனின் நெற்றியைப் பரிவோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து கடைக்கு ஜன்னல் கண்ணாடி வாங்க வந்தவர்களுக்கெல்லாம் மூளையைப் பற்றிய விளக்கம் இலவசம். “பையன் மேல தப்பே இல்லீங்க. முன்பக்கம் இன்னும் ரெடி ஆகல” என்பார், ஏதோ கடையின் முன்பக்க வேலை பாக்கி இருப்பது போல. துரையும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டதற்குக் காரணம் மூளை. பெட்ரோல் போடாமல் வண்டியை நிறுத்தியதற்கும் மூளை. பாதி நாள் தூங்கியதற்கும் அதே மூளைதான். வளரும்போது அதற்கு ஓய்வு வேண்டுமாம்.

“சரி, அந்த பார்லர்காரம்மாகிட்ட யாரு மன்னிப்பு கேக்கறது?” என்றாள் அம்மா.

“மேனேஜர் போகட்டும். அவ பக்குவமாப் பேசுவா” என்றார் அப்பா.

மேனேஜர் போனாள். அண்ணன் பேசிய பேச்சுக்கு அரை மணி நேரம் தலை குனிந்து நின்று திட்டு வாங்கிக்கொண்டாள். சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தபோது அமைதியாகக் கேட்டாள்:

“ஏம்ப்பா, அந்த ஆலோசகர் பொண்ணுங்களுக்கு எத்தனை வயசு சொன்னாரு?”

“பொண்ணுங்க சீக்கிரம் பக்குவப்பட்டுடுவாங்கம்மா.”

“எவ்வளவு சீக்கிரம்?”

அப்பா ஆலோசகரிடம் அதைக் கேட்கவே இல்லை. “ஒரு ரெண்டு வருஷம் முன்னாடி இருக்கும்” என்று அடித்துவிட்டார்.

“அப்ப இருபத்துமூணு. எனக்கு இன்னும் ஆறு வருஷம் இருக்கு” என்று சொல்லிவிட்டு, கை கழுவப் போனாள். அவள் எதிலிருந்து கை கழுவினாள் என்று அப்போது யாருக்கும் புரியவில்லை.

மறுநாள் காலையில் அந்த வீட்டில் யாரும் யாரையும் எழுப்பவில்லை. மேனேஜர் பாட்டுக் கேட்டபடி நிதானமாகத் தலை வாரிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். துரை விழித்தபோது கல்லூரியில் பரீட்சை பாதி முடிந்திருந்தது.

சாயங்காலம் அவன் வாசலிலேயே அவளை மறித்தான். “ஏண்டி என்னை எழுப்பல? பரீட்சைன்னு உனக்குத் தெரியும்ல?”

“தெரியும்ணா. எழுப்பலேன்னா என்ன ஆகும்னு யோசிக்கிற பகுதிதான் இன்னும் வரல” என்றாள் அவள், நெற்றியைத் தொட்டுக் காட்டி.

கடையிலும் அதே கதைதான். அளவு குறிக்க ஆளில்லை. உடைந்ததற்குப் பதிலாக அப்பா அழகு நிலையத்துக்கு வேறு கண்ணாடியை ஞாபகத்தில் இருந்த அளவுக்கு வெட்டி, தானே வேனில் கொண்டுபோனார். அங்கே சுவரில் இருந்த மரச் சட்டத்துக்குள் நுழைய மாட்டேன் என்றது. வைத்து அழுத்தினார். மூலை தெறித்தது. “உங்க கடையில வளர்ந்த மூளை ஒண்ணுகூட இல்லையா?” என்று அந்த அம்மாள் கேட்டதும், அளவு டேப்பைத் தரையில் வீசிவிட்டு வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து கதவைப் படாரென்று சாத்திக்கொண்டார். சாப்பாடு வேண்டாம் என்றார். “அவளால எனக்கு எவ்வளவு அவமானம்னு அவகிட்ட சொல்லு” என்று மகன் மூலமாக மகளுக்குச் செய்தி அனுப்பினார். மகள் பக்கத்து அறையில்தான் இருந்தாள்.

வேலை முடித்து வந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். மூடிய கதவுக்கு முன்னால் போய் நின்றாள்.

“என் பஸ்ஸுல எல்கேஜி பிள்ளைங்க வருதுங்க. ஜன்னல் சீட்டு கிடைக்கலேன்னா இப்படித்தான் பண்ணும். ஆனா ரெண்டு ஸ்டாப்புல மறந்துடும். உங்களுக்கு எந்த ஸ்டாப்புன்னு சொல்லுங்க, இறக்கி விடறேன்.”

அம்மா மகன் பக்கம் திரும்பினாள்.

“எனக்குப் பத்தொன்பது வயசுல நீ இடுப்புல இருந்தே. மூளை வளர்ந்துச்சான்னு என்னை யாரும் கேக்கல, துரை. காலையில நீ போய் அளவெடுத்துட்டு வா.”

அவன் போனான். போகும் வழியெல்லாம் திரும்பி ஓடிவிடலாமா என்றுதான் இருந்தது. அந்த அம்மாள் கதவைத் திறந்து, “ஓ, என் மூஞ்சியப் பத்திக் கவலைப்பட்டவரா? வாங்க” என்றார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். துரையின் காது மடல் கொதித்தது. பதிலுக்கு ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. நல்ல பதில், எல்லாரையும் வாயடைக்க வைத்திருக்கும். அதை மென்று விழுங்கினான். “நான் பேசினது தப்பு. மன்னிச்சிடுங்க” என்றான், சுவரைப் பார்த்து.

“நான் இந்தப் பக்கம் நிக்கிறேன்” என்றார் அவர்.

திரும்பி, அவரைப் பார்த்து இன்னொரு முறை சொன்னான். பிறகு சட்டத்தை அளந்தான். நம்பிக்கை வராமல் மறுபடியும் அளந்தான். குறித்துக்கொள்ளக் காகிதம் கொண்டுவரவில்லை என்பதால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, அது அழியாமலிருக்க இன்னொரு கையால் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் வந்தான். அப்பா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டே வெட்டினார். கண்ணாடி கச்சிதமாகப் பொருந்தியது.

அவ்வளவுதான், அப்பாவின் கோபம் பறந்தது. கடைக்கு வந்தவர்களிடம் புதுச் செய்தி ஒன்று சொல்ல ஆரம்பித்தார். “எல்லாருக்கும் இருபத்தஞ்சுல வளரும்பாங்க. என் பையனுக்குப் பத்தொன்பதுலயே வளர்ந்துடுச்சுங்க. எங்க பரம்பரையே அப்படி.” துரை அடக்கமாகத் தலையசைத்தான். ஷட்டரை இப்போது அவன்தான் தூக்குகிறான். தூக்கும்போது தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொள்கிறான்.

மகள் பழைய வேலைக்குத் திரும்பவில்லை. தன் பள்ளிக்கூடப் பரீட்சை முடிந்த மறுநாள் அப்பாவிடம் வந்து நின்றாள்.

“ஃபிரண்ட்ஸ் எல்லாம் சேர்ந்து கடல் பாக்கப் போறோம்ப்பா. வர ரெண்டு நாள் ஆகும்.”

“தனியாவா? நீ சின்னப் பொண்ணு, உனக்கு என்ன பக்குவம்...” என்று ஆரம்பித்தார் அப்பா.

ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்த அம்மா தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள்.

“...தொப்பி எடுத்துட்டுப் போம்மா. வெயில் அடிக்கும்” என்று முடித்தார் அப்பா.