ரத்தப்பூவின் புல்

நானூற்றுப் பன்னிரண்டு டாலர். மெல்ச்சோராவுக்கு எர்மெலிந்தா தர வேண்டியது அவ்வளவு. புருஷன் செத்தபோது சவப்பெட்டிக்கும், பாதிரியாருக்கும், குழி வெட்டியவர்களுக்கு ஊற்றிய சாராயத்துக்கும் சேர்த்து வாங்கியது. மெல்ச்சோரா வட்டி கேட்கவில்லை. "நமக்குள்ள என்ன வட்டி, கொமாத்ரே" என்றுவிட்டாள். எர்மெலிந்தாவின் மகளுக்கு ஞானத்தாயாக நின்றவள் அவள். அன்றிலிருந்து ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். வட்டி கிடையாதுதான். ஆனால் ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் எர்மெலிந்தா அவள் வீட்டுக் கல்தொட்டியடியில் நின்று அந்த வீட்டு அழுக்கையெல்லாம் துவைத்தாள். பனிமலையிலிருந்து வரும் தண்ணீர். நகக்கண்ணில் ஊசி ஏற்றுகிற மாதிரி இருக்கும். துவைக்க வா என்று யாரும் சொன்னதில்லை. ஒரே ஒரு ஞாயிறு போகாமல் இருந்ததற்கு, மறுநாள் கடை வாசலில் நாலு பேர் முன்னால் மெல்ச்சோரா சிரித்துக்கொண்டே, "உடம்பு முடியலையா கொமாத்ரே? காசு வச்சிருக்கவங்கதான் ஓய்வெடுப்பாங்கன்னு நெனச்சிருந்தேன்" என்றாள். அதற்குப் பிறகு தவறவில்லை.

வாரத்தில் ஆறு நாளும் கீழே பள்ளத்தாக்கில், பிளாஸ்டிக் கூரை போட்ட ரோஜாப் பண்ணையில் வேலை. அந்த ரோஜாக்கள் சொன்ன நாளில் பூக்கும், சொன்ன நீளத்துக்கு நிற்கும், மோந்தால் மருந்து நாறும். அவள் அதில் ஒன்றைக்கூட வீட்டுக்குக் கொண்டுவந்தது கிடையாது. அவள் மனசெல்லாம் ரத்தப்பூ மேல் இருந்தது. ஊருக்கு மேலே, உருளைக்கிழங்கு வயல்களும் முடிந்து, மூடுபனியும் கோரைப்புல்லும் மட்டுமே இருக்கிற உச்சியில், எங்கோ ஓரிடத்தில் அது நிற்கும். பறவை சிறகைக் கிழித்துக்கொண்ட மாதிரி சிவப்பு. வேரோடு தோண்டிக் கொண்டுவந்தவர்கள் உண்டு. யார் வீட்டிலும் நின்றதில்லை.

எர்மெலிந்தா தோண்டவில்லை. மூக்குப்பொடி மாதிரி இருந்த விதையைச் சால்வை முனையில் முடிந்து எடுத்துவந்தாள். முதல் வருஷம் நல்ல கறுப்பு மண்ணில் கினிப்பன்றிச் சாணம் போட்டு விதைத்து, ஒரு களை தலைகாட்டவிடாமல் பார்த்துக்கொண்டாள். அந்த ஊரில் தோட்டத்தில் புல் நிற்பது, பொம்பளை தலை சீவாமல் பூசைக்குப் போவது மாதிரி. நாற்று நகம் உயரம் வந்து கறுத்துப் போயிற்று. இரண்டாம் வருஷமும் அப்படியே. மூன்றாம் வருஷம் காதலர் தினத்து ரோஜா நெருக்கடி. இருட்டில் போய் இருட்டில் வந்தாள், தோட்டத்தை யார் பார்த்தது. நெருக்கடி ஓய்ந்து ஒரு காலையில் பார்த்தால், முழங்கால் உயரப் புல்லுக்குள் மூன்று சிவப்பு. விரலால் மண்ணை விலக்கிப் பார்த்தாள். பூவின் வேர், மாட்டை உண்ணி பிடித்த மாதிரி புல்லின் வேரைக் கவ்விக்கொண்டிருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை நாள் சாப்பாட்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஏன் சாகிறாய் என்று அதைக் கேட்டிருக்கிறாள்.

அன்று முதல் கத்தியே எடுக்கவில்லை. போகிறவர்கள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "என் பசுவக் கொஞ்சம் உள்ள விடட்டுமா, எர்மெலிந்தா? அதுவும் மேஞ்சுக்கும், உன் மானமும் தப்பிக்கும்" என்பார்கள்.

சேதி எப்படியோ தலைநகரத்துத் தாவரவியல் தோட்டம்வரை போயிருந்தது. அங்கிருந்து ஒரு பெண் வந்தாள். சேற்றிலேயே குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள். மூன்று தூரையும் மண்ணோடு பெயர்த்து எடுத்துக்கொள்வதாகவும், ஒன்றுக்கு நூற்றைம்பது தருவதாகவும் சொன்னாள். வருகிற திங்கள் விட்டு அதற்கடுத்த திங்கட்கிழமை வண்டியோடு வருவேன், பூவோடு உயிராக இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்றாள்.

அந்த ஞாயிறு கல்தொட்டியடியில் எர்மெலிந்தாவின் வாய் நிற்கவில்லை.

"நாளைக்கு இல்ல, அதுக்கடுத்த திங்கக்கெழம உங்க பணம் மொத்தமா வந்துரும், கொமாத்ரே."

அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்த மெல்ச்சோராவின் கை நின்றது. "எந்தச் சாமி குடுக்குது?"

"ரத்தப்பூ குடுக்குது. தலைநகரத்துலேருந்து வந்து எடுத்துக்கிறாங்க."

"அது வீட்டுல நிக்காதே. என் மாமியா ரெண்டு தரம் வச்சுப் பாத்தா. மூணாம் நாளே செத்துரும்."

"அவங்க களையெடுத்திருப்பாங்க. புல்லக் கவ்விக்கிட்டுத்தான் அது உசுரோட இருக்கு. புல்லப் புடுங்கினா அதுவும் போச்சு."

மெல்ச்சோரா அடுத்த காயை எடுத்து உரித்தாள். "அப்போ அது பூ இல்ல, கொமாத்ரே. கடங்காரி."

இரண்டு பேரும் சிரித்தார்கள். எர்மெலிந்தாதான் அதிகம் சிரித்தாள். அன்றைக்கு முதல்முறையாக மெல்ச்சோரா அவளை உள்ளே உட்காரவைத்து, காப்பியும் ஒரு துண்டு பாலாடைக்கட்டியும் கொடுத்தாள். கிளம்பும்போது, "அப்போ இனிமே துணிக்கு?" என்றாள். எர்மெலிந்தா ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அந்த ஏற்றத்தில் அவள் ஒருநாளும் அவ்வளவு வேகமாக நடந்ததில்லை.

சனிக்கிழமை வேலை முடிந்து வந்தபோது தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. அவள் வீட்டில் மிங்கா. ஊர் கூடி ஒருவர் வேலையைக் கூலியில்லாமல் செய்துகொடுப்பது. புனித பேதுருவின் தேர் அந்தத் தெரு வழியாகத்தான் வரும், விதவை வீடு இப்படிக் கிடக்கலாமா, வாங்க நாமே செய்வோம் என்று மெல்ச்சோரா இருபது பேரைத் திரட்டியிருந்தாள். வேலியை நிமிர்த்தியிருந்தார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். தோட்டத்தில் ஒரு புல் இல்லை. வேர்வரை கொத்தி, மண்ணைக் கையால் சலித்த மாதிரி பொடியாக்கி, சாணம் போட்டு, தண்ணீரும் விட்டிருந்தார்கள். நடுவில் மூன்று ரத்தப்பூக்களும் தனியாக நின்றன. சுற்றிலும் வட்டமாக வெள்ளைக் கல் வேறு பதித்திருந்தார்கள். சாயங்கால வெயிலில் அவை என்றுமில்லாத அழகோடு இருந்தன.

"பூவுல கைபடவே இல்ல, பாத்துக்க" என்றான் பக்கத்து வீட்டு நிக்கானோர். அவன் முழங்கால்வரை மண். முகத்தில் கள்ளமே இல்லை.

எர்மெலிந்தா குனிந்து ஒரு பூவின் அடியில் விரலை விட்டாள். வேர் நுனிகள் எதையும் பிடித்திருக்கவில்லை. அறுந்தது திரும்பப் பிடிக்காது என்பது அவளுக்குத் தெரியும். தலைநகரத்துக்காரியை இன்றே வந்து எடுத்துப்போகச் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. சாகப்போவதை விற்க மனம் வரவில்லையா, போனில் காசில்லாததா, எதனால் சொல்லாமல் விட்டாள் என்று அவளுக்கே தெரியாது. நிமிர்ந்தாள். கையில் மண்ணே படாமல் மெல்ச்சோரா எதிரே நின்றிருந்தாள்.

"உங்ககிட்ட சொன்னேனே, கொமாத்ரே."

"என்ன சொன்ன?"

"புல்ல."

"நூறு சொல்லுவ நீ. எனக்கு எது ஞாபகம் இருக்கு." பிறகு எல்லாருக்கும் கேட்கிற குரலில் திரும்பினாள். "எல்லாரும் சாட்சி. இவ எனக்குத் தர வேண்டிய நானூத்திப் பன்னெண்டையும் புனித பேதுரு பேருல இன்னிக்கே தள்ளிட்டேன். அஞ்சு காசு வேண்டாம். பணத்தக் காட்டி ஒரு விதவையக் கட்டி வச்சிருந்தாள்னு நாளைக்கு யாரும் என்னச் சொல்லக் கூடாது."

ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எல்லாரும் எர்மெலிந்தாவைப் பார்த்தார்கள். நன்றி சொல்ல அந்த ஊரில் இருப்பது ஒரே வாசகம்தான். அதைச் சொல்லாமல் அந்த முற்றத்தில் நிற்க முடியாது.

"கடவுள் உங்களுக்குத் திருப்பித் தரட்டும், கொமாத்ரே."

"அதெல்லாம் அவர் தருவார்." மெல்ச்சோரா அவள் தோளைத் தட்டினாள். தணிந்த குரலில், "நாளைக்கு வர்றப்போ சோப்பு கொண்டு வராத. இனிமே நானே குடுக்கிறேன்."

மிங்கா செய்தவர்களுக்கு வீட்டுக்காரி சோறு போட வேண்டும். உருளைக்கிழங்கை அடுப்பில் போட்டுவிட்டு, எர்மெலிந்தா சமையலறை மூலையில் கறிக்காக வளர்க்கும் கினிப்பன்றிகள் இருந்த இடத்துக்குப் போனாள். பிடுங்கிய புல்லையெல்லாம் அவற்றுக்குத்தான் கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள். இடுப்பு உயரக் குவியல். அதற்குள்ளே புகுந்து அவை கிறீச்சிட்டுக்கொண்டே தின்றுகொண்டிருந்தன. இருக்கிறதிலேயே கொழுத்ததைக் கழுத்தில் பிடித்துத் தூக்கினாள். அது மெல்லுவதை நிறுத்தவில்லை. அதன் வாயிலிருந்து ஒரு நீளப் புல் தொங்கியது. அந்தப் புல்லின் வேரில், இன்னும் விடாமல், சிவந்த நூல் மாதிரி பூவேர் ஒன்று சுற்றியிருந்தது. அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டிருந்தது.