இந்திஸார் கழுவாத தொட்டி

இந்திஸார் வீட்டுத் தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம். ஜோர்டானின் இர்பித் நகரில் அந்தத் தெருவே இதை ஒப்புக்கொள்ளும். தினமும் நாலு வாளித் தண்ணீரும் அரை பாட்டில் குளோரினும் ஊற்றி, ரப்பர் கட்டையால் தள்ளி, தரைத் துளைக்குள் இறக்கிவிட்டால்தான் அவளுக்குக் காபி தொண்டையில் இறங்கும்.

அப்படிப்பட்டவள் வீட்டில், வியாழக்கிழமை காலை கழிப்பறையில் ஊற்றிய தண்ணீர் உள்ளே போகாமல் குமிழிவிட்டு மேலே வந்தது. மறுநாள் மகள் தஹானியைப் பெண் கேட்டு மாப்பிள்ளை வீட்டார் முப்பது பேர் வருகிறார்கள். இந்திஸார் போனை எடுத்தாள்.

கழிவு உறிஞ்சும் லாரிக்காரர் அபூ லைஸ் முற்றத்துத் தொட்டியின் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார்.

"என்னக்கா, ஆஸ்பத்திரி வாசனை அடிக்குது?"

"வீட்டைச் சுத்தமா வெச்சிருக்கேன். அது ஒரு குத்தமா?"

"மேல வெச்சுக்க, கீழ எதுக்கு? கசடு அடியில படியும், எண்ணெய்ப் பிசுக்கு மேல மிதக்கும், நடுவுல இருக்கற தண்ணிதான் பக்கத்துக் குழிக்குப் போய் மண்ணுல ஊறணும். அடியில படிஞ்சதத் தின்னு கரைக்கன்னே கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க கோடிக்கணக்குல இருக்கு. அதுங்களுக்குத் தினம் விஷம் வெச்சா அப்புறம் யாரு தின்பா? நீயா?"

அவர் உறிஞ்சி முடித்ததும் இந்திஸார் எட்டிப் பார்த்தாள். அடியில் ஒரு சாண் சேறு அப்படியே கிடந்தது.

"அதையும் எடுங்க. நான் ஒரு பாட்டில் ஊத்தித் தேய்ச்சு விட்டுடறேன்."

"பீத்தொட்டியத் தேய்ச்சுக் கழுவற ஆள இப்பத்தான் பாக்கறேன்! அது விதைக்குக்கா, அதுலருந்துதான் கிருமிங்க மறுபடி பெருகணும். அதுல கைய வெச்சே, அடுத்த தடவ என்னக் கூப்பிடாத."

பாதி கழுவிய பாத்திரம் அடுக்களையில் கிடப்பதுபோல் அன்று முழுக்க அவளுக்கு உறுத்தியது. இந்த மனிதர் அரைகுறை வேலை செய்து நம் மானத்தை வாங்கப்போகிறார் என்றே நினைத்தாள். வெள்ளிக்கிழமை காலை தரையை ஈரத்துணியால் மட்டும் துடைத்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா காபியைத் தொடாமல் முன்னால் வைத்துவிட்டுப் பெண் கேட்டார். சம்மதம் கிடைத்தால்தான் குடிப்பார். இந்திஸாரின் கணவர் ஸுஹ்தி தொண்டையைச் செருமினார். உள்ளறையில் பெண்கள் எல்லாரும் கூடத்துப் பக்கம் காதைத் தீட்டியிருந்தார்கள். இந்திஸாரின் காது மட்டும் கழிப்பறைப் பக்கம் இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா அப்போதுதான் உள்ளே போயிருந்தாள்.

தண்ணீர் திறக்கும் சத்தம் கேட்டது. குமிழிச் சத்தம் இல்லை. சர்ரென்று இறங்கிப் போயே போய்விட்டது.

அவள் தன்னை மறந்து நீளமாகக் குலவையிட்டாள்.

உள்ளிருந்து குலவை வந்தால் பெண் வீட்டுக்குச் சம்மதம் என்று பொருள். ஸுஹ்தி இன்னும் வாயே திறக்கவில்லை. பெரியப்பா காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டார்.